கண்ணால் பார், கையால் அள!

பெற்றோர்களே, ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயிலுக்குப் பிள்ளைகளோடு போனால், 1930-இல் கட்டி முடித்த அந்த ஏழு நிலைக் கோபுரத்தைச் சற்று நின்று பாருங்கள். அடிப்பாகம் சீன முறையில் எண்கோணம். நடுப்பாகம் தாய்லாந்துப் பாணி. உச்சி பர்மியப் பாணி. மூன்று நாட்டுப் பாடம் ஒரே கோபுரத்தில்!

கட்டடக்கலைப் படிப்பும் இப்படிப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. மாணவர்கள் அளவு நாடாவோடு பழைய கட்டடங்களுக்குப் போய், தூணையும் படியையும் அளந்து வரைகிறார்கள். பிறகு அட்டையில் சிறு மாதிரி செய்கிறார்கள். "இந்தத் தூண் ஏன் இங்கே?" என்று ஆசிரியர் கேட்பார். காரணம் சொல்லத் தெரியாவிட்டால் மீண்டும் வரைய வேண்டியதுதான். தாளில் உள்ள தவற்றை ரப்பரால் அழிக்கலாம். சுவரில் ஏறிய தவறு உயிரைக் கேட்கும்.

இந்தப் படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வீடமைப்பு, கட்டடம், திட்டமிடல் துறை 1972-இல் தொடங்கியது.

"நம் பிள்ளைக்கு எட்டுமா?" என்று தயங்காதீர்கள். ஓர் அளவு நாடா, ஒரு பென்சில் கொடுத்து, குடியிருக்கும் வீட்டை அளந்து வரையச் சொல்லுங்கள். மகனானாலும் மகளானாலும் கணக்குப் பாடத்தை மட்டும் கைவிட விடாதீர்கள். கதவைத் திறக்கும் சாவி அதுதான்.