காலித் தட்டு கிளப்பிய பீதி

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்ததும் ஜப்பான் கலங்கிப்போனது. காகித ஆலைகளுக்கும் எண்ணெய் தேவை என்பதால், காகிதத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும்படி அமைச்சர் நகசோனே கேட்டுக்கொண்டார். 'காகிதமே கிடைக்காதாம்' என்று வதந்தி கிளம்பியது.

நவம்பர் தொடக்கத்தில் ஒசாகா அருகே ஒரு பல்பொருள் அங்காடியின் முன், கழிப்பறைக் காகிதத்துக்காகச் சுமார் 300 பேர் வரிசையில் நின்றார்கள். வேறொரு கடையில் நெரிசலில் ஒரு மூதாட்டிக்குக் கால் எலும்பு முறிந்தது.

உண்மையில் ஆலைகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இடத்தை அடைக்கும் பொருள் என்பதால் கடைகள் கழிப்பறைக் காகிதத்தை அதிகம் இருப்பு வைப்பதில்லை. ஒரு கட்டு வாங்குபவர்கள் நான்கு வாங்கினாலே அலமாரித் தட்டு காலி. அதைப் பார்த்தவர் பயந்து அடுத்த கடைக்கு ஓடுவார். குடும்பத்தை நினைத்து ஓடியவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

2020இல் கொரோனாவின்போதும் ஜப்பானில் அதே தட்டுகள் காலியாயின. காகிதம் சீனாவிலிருந்து வருவதால் இனி கிடைக்காது என்று வதந்தி. உண்மையில் அதன் பெரும்பகுதி உள்நாட்டிலேயே தயாராவது.