வகுக்கறதுங்களா, பெருக்கறதுங்களா?

"ஒரு கோழிப்பண்ணையில் ஒரு நாளைக்கு 4,500 முட்டைகள். ஒரு ட்ரேயில் 30 முட்டை அடுக்கலாம். எத்தனை ட்ரே வேண்டும்?" நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாத விஷயமில்லை. வாயால் கேட்டால் பலரும் யோசித்துச் சொல்லிவிடுவார்கள். அதையே போர்டில் எழுதிப்போட்டால், "சார், இது வகுக்கறதுங்களா, பெருக்கறதுங்களா?" என்று கேட்பார்கள்.

கணக்கு வராத பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் வராதது கணக்கு இல்லை, வாசிப்பு.

எட்டு, ஒன்பதாம் வகுப்பில் திணறுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எழுத்து தெரியும். ஆனால் எழுத்துக்கூட்டி வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதலில் படித்தது மறந்துபோகும். தமிழ்ப் பாடத்தில் கதை இருக்கிறது, எப்படியோ ஊகித்துக்கொள்ளலாம். அறிவியல் புத்தகத்தில் 'நீராவிப்போக்கு' என்று வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிறகு வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைத் தந்தது. 2025-26இல் 6 முதல் 9 வரை 'திறன்' பயிற்சி: தமிழ், ஆங்கிலம், கணக்கு. நல்லதுதான். ஆனால் அடர்த்தியான உரைநடை இருப்பது அறிவியலிலும் சமூக அறிவியலிலும். அந்த வகுப்புகளில் வாசிப்பது யார்? பெரும்பாலும் ஆசிரியர்தான். பிள்ளைகள் விடைக்குக் கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

நம்ம ஊருக்கு இதில் ஒரு தனிக்கதையும் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருசமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் விடுதிப் பள்ளிகளால் நாமக்கல் பேர் வாங்கியது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். 2025இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். உருப்போடும் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது. கைடைப் பார்த்து நாலு பக்கம் அழகாக எழுதுகிற பிள்ளை, சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கிறது.

இங்கிலாந்தில் 1975இல் வந்த புல்லக் குழு அறிக்கை, மொழியை வளர்ப்பது எல்லாப் பாட ஆசிரியரின் பொறுப்பு என்றது. நம் உயர்நிலைப் பள்ளிகளில் இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு பாடத்திலும் வாரம் மூன்று நாள், பத்து நிமிடம் போதும்.

ஒன்று, புதுச்சொல்லைப் பிரித்துக் காட்டுவது. நீர், ஆவி, போக்கு என்று பிரித்தால் பாதி விளக்கம் சொல்லிலேயே இருக்கிறது.

இரண்டு, ஒரு பத்தியைப் பிள்ளைகளே சோடி சோடியாக வாசித்து, "இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று ஒருவருக்கொருவர் சொல்வது. கணக்கிலும் அப்படித்தான்: என்ன கொடுத்திருக்கு, என்ன கேட்டிருக்கு என்று சொன்ன பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

மூன்று, பேசுகிற மாதிரியே முதலில் எழுத விடுவது. "தண்ணி கொதிச்சு ஆவியாப் போயிருது" என்று எழுதினால் அடிக்கக் கூடாது. விஷயம் சரி. அடுத்த நாள் அதையே 'தண்ணீர் கொதித்து ஆவியாகிறது' என்று மாற்றச் சொல்லலாம். முதல் வரியிலேயே சிவப்பு மை விழுந்தால், அந்தப் பிள்ளை மறுபடி கைடுக்கே போய்விடும்.

"போர்ஷன் எப்ப சார் முடிக்கறது?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு முடித்த போர்ஷன் யாருக்காக முடிந்தது? எட்டு வரை எல்லோரும் பாஸ். பத்தாம் வகுப்பில் கேள்வித்தாளைப் பிரிக்கும்போது பக்கத்தில் வாசித்துக் காட்ட எந்த ஆசிரியரும் இருக்க மாட்டார்.