தரமுயர்த்தப் போய்ப் பாதியில் நின்ற கணனி



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடுமே என்று பயந்து கடன்பட்டாவது கணனி வாங்கிய வீடுகள் எத்தனை! லிந்துலையில் நான் போய்வந்த வீடுகளில் பெரும்பாலும் பாவித்த லெப்டொப்தான் இருக்கிறது. கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ தம்பி கொண்டுவந்து கொடுத்தது, அல்லது கொழும்பில் யாரோ விற்றதை வாங்கியது. அதற்குள் இன்று என்னதான் இல்லை? மகளின் நிக்காஹ் படங்கள், மகனின் சாதாரண தரப் பெறுபேற்றின் பிரதி, மரணித்துவிட்ட உம்மா பேசிய ஒரு சின்ன வீடியோ. கணனியின் விலை ஒன்று, அதற்குள் இருப்பவற்றின் பெறுமதி வேறு.

இந்தக் கணனிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 10 என்ற இயங்குதளத்தில் ஓடுபவை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாறுங்கள் என்று திரையில் அறிவித்தல் வந்துகொண்டே இருக்க, வீட்டிலிருப்பவர் ஒருநாள் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். வட்டம் சுற்றுகிறது. முப்பது வீதம், எழுபது வீதம்... பிறகு அசைவில்லை. அல்லது நீலத் திரை. அல்லது வெறும் கறுப்பு.

உடனே எழும் கேள்வி, "யார் கடைசியாகக் கை வைத்தது?" அநேகமாக வீட்டுத் தாய்தான் அகப்படுவார். இது நியாயமில்லை. 2018 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ஒரு புதுப்பித்தலில் சிலருடைய கோப்புகளே அழிந்துபோயின. வெளியிட்ட சில நாட்களிலேயே நிறுவனம் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் மீண்டும் விட்டது. அதற்கு முன் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பயண முகவர் தொழில் நடத்திய ஒரு பெண்ணின் கணனியில், தான் சம்மதிக்காமலே விண்டோஸ் 10 ஏறப் பார்த்துத் தோற்றது என்றும், அதன் பின் கணனி ஊர்ந்து ஊர்ந்து நின்றுபோனது என்றும் அவர் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு அவர் பக்கம். 10,000 டொலர் நட்டஈடு. மைக்ரோசொப்ட் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் 2016இல் மேன்முறையீட்டைக் கைவிட்டது. ஆகவே, கணனி நின்றுவிட்டதென்றால் உங்கள் விரலை நொந்துகொள்ள வேண்டாம்.

திரை அசையாமல் நின்றால் முதலில் தேவைப்படுவது பொறுமை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணனியில் இந்த வேலை பல மணி நேரம் பிடிக்கலாம். டிஸ்க்கைக் காட்டும் சின்ன விளக்கு மினுமினுத்துக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள், தொடாதீர்கள். மக்ரிபுக்குத் தொடங்கியதை இஷாவுக்கு முன் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாமல், காலையில் வேறு வேலையில்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குவதே நல்லது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் மலைநாட்டில் கணனியைப் பற்றிப் பேச முடியாது. பக்கத்துத் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கட்டு நிற்கிறது. ஆனாலும் காற்றுக்கு ஒரு சவுக்கு மரக்கிளை கம்பியில் விழுந்தால் எங்கள் வீடுகள் இருட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதுமே இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்குக்கு நாள் குறித்துக் கொடுக்க நம்மால் முடியாது. லெப்டொப் என்றால் பற்றரியை நிரப்பி, சார்ஜரைக் கழற்றாமல் வைத்துத் தொடங்குங்கள். மேசைக் கணனி என்றால் யூ.பீ.எஸ். இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

நடுவில் மின்சாரம் போனாலும் எல்லாம் போய்விட்டது என்பதல்ல. லயத்துக் காம்பராவிலிருந்து புது வீட்டுக்குக் குடிபோகிறவர், புது வீட்டில் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கும்வரை பழைய காம்பராவின் சாவியைக் கையிலேயே வைத்திருப்பார் அல்லவா? விண்டோஸும் அப்படித்தான். பழையதை 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறைக்குள் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் புதியதை நிறுவுகிறது. இடையில் தடங்கல் வந்தால், பெரும்பாலும் தானாகவே பழையதற்குத் திரும்பிவிடும். புதியது ஏறிவிட்டது, ஆனால் பிரின்டர் வேலை செய்யவில்லை, சத்தம் வரவில்லை என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிக்கவரி, அதற்குள் 'கோ பேக்' என்பதை அழுத்தித் திரும்பலாம். தவணை பத்து நாள் மட்டும். பத்து நாள் கழிந்தால் அந்தப் பழைய கோப்புறையைக் கணனி தானே அழித்துவிடும். இடம் போதவில்லை என்று அதை நீங்களே முன்கூட்டி அழித்துவிடாதீர்கள்.

திரும்பிய கணனி பெரும்பாலும் ஒரு எண்ணைக் காட்டும். அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 80070070 என்று முடிந்தால் டிஸ்க்கில் இடமில்லை. வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றினாலே தீர்ந்துவிடலாம். 1900101 என்று முடிந்தால், பிரின்டர், வைஃபை, திரை போன்ற ஏதோ ஒன்றை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள் ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கீபோர்டையும் மௌஸையும் தவிர, செருகியிருக்கும் அனைத்தையும் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். 1900208 என்றால் ஏதோ ஒரு பழைய மென்பொருள் வழிமறிக்கிறது.

கணனி எழும்பவே இல்லையா? விளக்கும் மினுங்கவில்லை, மணிக்கணக்காக அதே திரைதானா? அப்போது மட்டும் மின் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போட்டு, விண்டோஸ் அடையாளம் தெரியும்போது மீண்டும் அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுபார்க்கும் நீலப் பட்டியல் தானாக வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்'. முதலில் 'ஸ்டார்ட்அப் ரிபேர்'. சரிவரவில்லை என்றால் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்'. அங்கே கடைசியாக ஏறிய புதுப்பித்தலை நீக்கலாம். 'ரிசெட்' என்று ஒன்றும் இருக்கும். அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தொட்டுவிட வேண்டாம். 'கீப் மை ஃபைல்ஸ்' என்பது கோப்புகளை விட்டுவைக்கும், ஆனால் நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும்.

இந்தப் பட்டியலில் சில லெப்டொப்கள் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். 'பிட்லொக்கர்' என்பது அதன் பெயர். டிஸ்க் முழுவதும் பூட்டுப் போட்டிருக்கிறது. சாவி இல்லாமல் கடைக்காரராலும் திறக்க முடியாது. அந்தச் சாவி பெரும்பாலும் லெப்டொப்பை முதலில் அமைத்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தம்பி கட்டாரில் வைத்து அமைத்துக் கொண்டுவந்தது என்றால், அவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அவர் தன் போனிலிருந்தே கணக்கைத் திறந்து இலக்கங்களை வாசித்துச் சொல்லலாம்.

இதற்கு மேல் போனால் கடைதான். கடைகளில் பொதுவாக முதலில் வரும் சொல் 'போர்மட்'. அவர்களைக் குறை சொல்லவில்லை; அரை நாளில் முடியும் வேலை அது. ஆனால் வீடு ஒழுகுகிறது என்பதற்காக, சாமான்களை வெளியே எடுக்காமல் வீட்டை இடிக்கலாமா? "தம்பி, போர்மட் பண்ணுறதுக்கு முந்தி உள்ளுக்கு இருக்கிற ஃபைல் எல்லாத்தையும் இந்த டிஸ்க்குக்கு எடுத்துத் தாங்க" என்று சொல்லி, ஒரு வெளி டிஸ்க்கையும் கையில் கொடுங்கள். விண்டோஸ் எழும்பாவிட்டாலும் கோப்புகளை எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணனியில் செருகினால் போதும். எடுத்தவற்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். ஏற்கனவே ஏதாவது அழிந்துவிட்டது என்று சந்தேகமிருந்தால் கணனியை மேலும் பாவிக்காமல் அணைத்து வையுங்கள். 2018இல் மைக்ரோசொப்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கணனியை முடிந்தளவு பாவிக்காதீர்கள் என்றுதான் சொன்னது. அழிந்த கோப்பின் இடத்தில் வேறொன்று எழுதப்படாதவரை மீட்க வழி இருக்கலாம்.

இன்னொன்று. போர்மட் செய்து வந்த கணனியில் பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பிக் கிடக்கும். 'கோப்பு கெட்டுவிட்டது' என்று அழித்துவிடுகிறார்கள். கெடவில்லை. நம் நாட்டில் நெடுங்காலமாகத் தமிழைப் 'பாமினி' எழுத்துருவில் அடித்துவந்தோம். போர்மட்டோடு அந்த எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். பாமினியை மறுபடி ஏற்றினால் எழுத்துக்கள் உயிர்பெறும். அரபும் தமிழும் கலந்து வினாத்தாள் அடிக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது தினசரிப் பாடம்.

சில கணனிகளில் எத்தனை முறை முயன்றாலும் விண்டோஸ் 11 ஏறாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்த வசதி சிலவற்றில் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். தெரிந்த ஒருவர் பார்த்தால் போட்டுவிடலாம். குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் வீட்டின் ஒரே கணனியைக் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஏறாத கணனியைக் குப்பையில் போடவும் தேவையில்லை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை வீட்டுப் பாவனையாளர்கள் பதிவுசெய்து 2026 ஒக்டோபர் 13 வரை பெறலாம் என்று 2025இல் மைக்ரோசொப்ட் அறிவித்தது. இலவசமான லினக்ஸ் இயங்குதளமும் இருக்கிறது. கடிதம் அடிக்க, பாடம் பார்க்க, பயான் கேட்க அது தாராளமாகப் போதும்.

இன்ஷா அல்லாஹ் இந்த வாரம் கணனி நல்லபடியாக ஓடும்போதே படங்களையும் சான்றிதழ்களையும் ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். அந்த 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோவைக்குள் வைத்துவிடுங்கள்.