வீட்டுச் சர்வர் பதில் சொல்லாவிட்டால்



பத்திரங்களின் அருமை தோட்டத்துக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். பிறப்புப் பத்திரம் ஒன்று காணாமற்போனால் பள்ளிச் சேர்ப்பிலிருந்து அடையாளக் கார்டு வரை எத்தனை அலைச்சல்! அதனால்தான் இன்று சில வீடுகளில் பிள்ளைகள் பத்திரங்களைப் படமெடுத்து, தாத்தா பாட்டி புகைப்படங்களோடு சேர்த்து, வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் சேமித்து வைக்கிறார்கள். அதற்குச் சர்வர் என்று பெயர். பெரும்பாலும் அதற்குத் திரை இராது. வேறொரு கணினியிலோ கைத்தொலைபேசியிலோ அதன் பக்கத்தைத் திறந்துதான் அதனோடு பேச வேண்டும். புதிதாக வாங்கிய சர்வரின் பக்கம் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? அதை இன்று பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பக்கம் திறக்கவில்லை என்பதற்காக, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். கதவு திறக்கவில்லை என்று யாராவது வீட்டை இடிப்பார்களா? படங்களும் பத்திரங்களும் உள்ளே பத்திரமாகவே இருக்கக்கூடும். வழியில்தான் எங்கோ தடை.

அந்தத் தடையை வரிசையாகத் தேடுவோம். மின்சாரம் வருகிறதா? சர்வரையும் ரவுட்டரையும் இணைக்கும் கம்பி இரு முனையிலும் இறுக்கமாக உள்ளதா? கம்பி செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் வேறு கம்பியைப் போட்டுப் பாருங்கள். மின்சாரம் கொடுத்த பிறகு சில நிமிடம் பொறுத்திருக்கவும் வேண்டும்.

அடுத்தது முகவரி. பெரட்டில் அன்றன்று நிரை பிரித்துக் கொடுப்பதுபோல, ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. 192.168.1.20 என்பது போல அது இருக்கும். நேற்றைய எண் இன்று மாறியிருக்கலாம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் சர்வரின் இன்றைய எண்ணைக் காணலாம்.

பிறகு, நீங்கள் அழைக்கும் கருவியைப் பாருங்கள். அதுவும் அதே ரவுட்டரில் இருக்க வேண்டும். கைத்தொலைபேசி வெளித் தரவிலோ, விருந்தினர் வைஃபையிலோ இருந்தால் சர்வரை எட்டாமல் போகலாம். சாதாரண வீடுகளில் இரண்டின் முகவரியிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாகவே இருக்கும். உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு எண் கிடைக்கவில்லை என்று பொருள்.

இனி, பிங் என்ற கட்டளையோடு சர்வரின் எண்ணைக் கணினியில் கொடுங்கள். பதில் வந்தால், பாதை சரி. ஆனால் பதில் வராததை மட்டும் வைத்துச் சர்வர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. சில கருவிகள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும்.

பாதை சரியாக இருந்தும் பக்கம் வரவில்லையா? அப்படியானால் வாசலைக் கவனியுங்கள். ஒரே வீட்டுக்குப் பல வாசல் இருப்பதுபோல, ஒரே முகவரிக்குப் பல போர்ட் எண்கள் உண்டு. சினாலஜி கருவிகளில் வழக்கமாக 5000 அல்லது 5001; பிராக்ஸ்மாக்ஸில் 8006. எச்டிடிபிஎஸ், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, சர்வரின் எண், மறுபடியும் முக்காற்புள்ளி, போர்ட் எண் என்று முழுமையாக எழுத வேண்டும். 5000க்கு எச்டிடிபி, 5001க்கும் 8006க்கும் எச்டிடிபிஎஸ். ஓர் எழுத்து குறைந்தாலும் கதவு திறக்காது. புதிய சர்வர் தன் சான்றிதழில் தானே கையெழுத்திட்டிருப்பதால், பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று தோன்றலாம். எண் உங்கள் சர்வருடையதுதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே மேலே செல்லுங்கள்.

வெளி இணையத்திலிருந்து சர்வருக்கு வழி திறந்துவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் இணங்காதீர்கள். இந்தக் கோளாறு அதனால் தீராது. அந்நியர் வருவதற்குத்தான் வழியாகும்.

பக்கம் திறந்ததும் சில வேலைகள் உள்ளன. சர்வருக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கிவையுங்கள். அந்த எண்ணையும் போர்ட்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். பத்திரங்களின் இன்னொரு படியை வேறோர் இடத்திலும் வையுங்கள். அசல் பத்திரம் மட்டும் என்றும் பெட்டியிலேயே இருக்கட்டும்.