உருக்காமல் செய்த பீரங்கி

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் ராஜகோபால பீரங்கி ரகுநாத நாயக்கர் காலத்தது (1600–1634). எடை ஏறத்தாழ 22 டன். வார்த்ததல்ல, கொல்லர்கள் அடித்து இணைத்தது.

ஏன்? தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அன்றைய கரி உலையில் அந்தச் சூடு வராது. கசடு கலந்த கட்டிதான் கிடைக்கும். அதைச் சம்மட்டியால் அடித்துப் பட்டையாக்கினார்கள். நீளப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே வளையங்களை இறுக்கினார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் வித்தைதான்: காய்ச்சினால் விரியும், ஆறினால் இறுகும்.

வளையம் எதற்கு? மருந்து வெடிக்கையில் மூடிய குழலின் சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் தகைவு, நீளவாக்கில் இழுப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் குழல் நெடுகப் பிளக்கத்தான் பார்க்கும். இந்தக் கணக்கை எழுதாமலே அறிந்திருந்தார்களே, அதுதான் எனக்கு வியப்பு!

சரி, துரு? இன்றைய எவர்சில்வர் வேட்டைத் துப்பாக்கியின் எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய படலமாகும். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். பீரங்கிக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அதன் கனத்த உடம்பு பகல் வெயிலில் ஏறிய சூட்டை எளிதில் இழக்காது. டெல்டாவின் பனி அதன்மேல் சட்டென்று படிவதில்லை. மழை ஈரமும் வெயில் வந்தால் காய்ந்துவிடுகிறது.