படியில் விழுந்தால் சும்மா இருக்காதீங்க

மழைக்காலத்தில் நம் தோட்டங்களில் படி வழுக்கி விழுவது புதிய விசயமல்ல. பாசி பிடித்த கல்படி, கைப்பிடி ஆடும் ஸ்டோர் படி, முதுகிலோ கொழுந்துப் பாரம். விழுந்தவர் "எல்லாம் என் நேரம்" என்று எண்ணெய் தடவிப் படுத்து விடுகிறார். மூன்று மாதம் பேர் இல்லாமல் கடைக் கடன் ஏறிய பிறகுதான், "நட்டஈடு ஏதும் கெடைக்குமா?" என்று கேட்கிறார்கள்.

கிடைக்கும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இதற்காகவே உள்ளது. வேலை நேரத்தில், வேலை காரணமாகக் காயம்பட்டதா என்பதுதான் முக்கியம். தோட்டத்தின் பிழை என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. ஆகவே, "நீ பார்த்து நடந்திருக்கணும்" என்று யாராவது சொன்னால் பயந்து ஒதுங்க வேண்டாம். ஆனால் குடித்துவிட்டு விழுந்தால் உரிமை போய்விடலாம்.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தும் இதில் சேரும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் எடுக்கப் போய் லயத்துப் படியில் விழுந்தால் இச்சட்டம் உதவாது. படியைத் திருத்தாமல் விட்டவர்கள் மீது சிவில் வழக்குப் போடுவதுதான் அதற்கு வழி.

விழுந்தால் என்ன செய்வது?

1. அன்றைக்கே கங்காணியிடமும் தோட்ட ஆபீசிலும் சொல்லி, எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

2. தோட்ட டிஸ்பென்சரிக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போங்கள். எந்தப் படியில், எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

3. படியைத் திருத்துவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். பார்த்தவர்களின் பெயரை எழுதி வையுங்கள்.

4. தலைவரின் உதவியோடு, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பியுங்கள். பிந்தினால் உரிமை கைநழுவும்.

வேலைக்குப் போக முடியாத காலத்துக்குத் தவணைக் கொடுப்பனவும், நிரந்தர ஊனத்துக்கு மொத்தத் தொகையும் உண்டு. கையில் கொஞ்சம் காசு கொடுத்து, "இதிலே ஒரு கையெழுத்து வை" என்றால், வாசித்துக் காட்டச் சொல்லாமல் வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஸ்டோரில் படிகள் உறுதியாகவும் கைப்பிடியுடனும் இருக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். ஆடும் கைப்பிடியைக் கண்டால் இன்றே ஆபீசில் சொல்வோம். நட்டஈடு வந்தாலும் ஒடிந்த இடுப்பு பழையபடி ஆகுமா?