ஆப்டோமெட்ரி மாணவரின் கல்வியும் பயிற்சியும்

ஆப்டோமெட்ரி என்பது கண்ணின் பார்வைத் திறனை அளந்து, பார்வைக் குறையைக் கண்ணாடியாலோ காண்டாக்ட் லென்ஸாலோ சரிசெய்யும் துறை. தமிழில் இதைப் பார்வை அளவியல் எனலாம். இதைப் படித்தவர் ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படுகிறார்.

கண் மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்துக் கண் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர்; அறுவை சிகிச்சை செய்பவர் அவரே. கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்தித் தருபவர் ஆப்டிசியன். ஆப்டோமெட்ரிஸ்ட் இவ்விருவருக்கும் இடையில் நிற்பவர். கண்ணாடி போதுமா, மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்பதைப் பல நேரங்களில் முதலில் கணிப்பவர் இவரே.

தேனிப் பகுதியில் கண் சேவை

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் தேனிக் கிளை 1985-இல் ஏற்பட்டது. 2000-களின் நடுவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், இன்டெல் நிறுவனம் ஆகியவற்றின் துணையுடன், தேனி மருத்துவமனையும் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களும் கம்பியில்லாத் தொடர்பால் இணைக்கப்பட்டன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். மருத்துவர் தேனியில் இருந்தபடியே திரையில் நோயாளியுடன் பேசுவார். பெரியகுளம் வட்டத்தில் உள்ள ஜெயமங்கலம் போன்ற ஊர்களில் இருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நகரத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு இத்தகைய ஏற்பாடு பெரிய உதவி. மருத்துவர் அருகில் இல்லாத இடத்தில், சோதிப்பவரின் அளவு சரியாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு பயன் தரும்.

படிப்பின் அமைப்பு

பி.ஆப்டம் எனப்படும் இளநிலைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் படித்தவர்கள் சேரலாம். சென்னை சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரி 1985-இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்துறையைப் பட்டப் படிப்பாக வளர்த்த முன்னோடிக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று.

முதல் ஆண்டில் உடற்கூறு, உடலியங்கியல், ஒளியியல் ஆகியவை முக்கியப் பாடங்கள். பள்ளியில் ஆடி, லென்ஸ் கணக்குகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த ஆண்டு கடினமாக இருக்கும். புரிந்து படித்தவர்களுக்கு எளிது. அடுத்த ஆண்டுகளில் கண் நோய்கள், மருந்தியல், காண்டாக்ட் லென்ஸ், இரு கண் பார்வை, குறைபார்வை உதவி ஆகியவை வருகின்றன. நான்காம் ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி.

கைப்பழக்கமாக வரும் கலை

மாணவர் முதலில் கற்பது எழுத்துப் பலகையில் பார்வையை அளப்பது. நெதர்லாந்து மருத்துவர் ஸ்நெல்லன் 1862-இல் வெளியிட்ட பலகையே இதற்கு அடிப்படை. 6/60 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார் என்று பொருள்.

எழுத்துப் பலகைக்கு நோயாளியின் பதில் தேவை. பேசாத குழந்தைக்கும் சரியாகப் பதில் சொல்ல இயலாத முதியவருக்கும் ரெட்டினோஸ்கோப் தேவை. இக்கருவியின் ஒளிக்கீற்றைக் கண்ணில் அசைத்தால் பாவையில் ஒரு செவ்வொளி அசையும். கீற்று போகும் திசையிலேயே அது அசைந்தால் பிளஸ் லென்ஸும், எதிர்த்திசையில் அசைந்தால் மைனஸ் லென்ஸும் சேர்த்து, அசைவு நிற்கும் வரை மாற்ற வேண்டும். 66 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து சோதித்தால், வந்த விடையில் 1.50 டயாப்டரைக் கழிக்க வேண்டும். +3.50-இல் அசைவு நின்றால் உண்மையான அளவு +2.00. கழிக்க மறந்தால், குறையே இல்லாதவருக்கும் +1.50 கண்ணாடி எழுதி அவருடைய தூரப் பார்வையை மங்கச் செய்துவிடுவோம். மாணவர்கள் இதை முதலில் மாதிரிக் கண்ணிலும், பிறகு ஒருவர் கண்ணில் ஒருவரும், அதன் பின்னரே நோயாளியிடமும் பழகுகிறார்கள்.

குழந்தைகளின் கண்

ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் உள்ள குழந்தை எந்தக் குறையும் சொல்லாது. நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பயன்படாத கண்ணின் பார்வையை மூளை வளர்த்துக்கொள்வதில்லை. இதுவே சோம்பேறிக் கண். ஏழு, எட்டு வயதுக்குள் கண்டறிந்து கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். தாமதமானால் பலன் குறையும். எனவே பள்ளிச் சோதனையில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்ப்பது கட்டாயம். தமிழ்நாடு அரசு 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளி மாணவர்களைச் சோதித்து இலவசக் கண்ணாடி வழங்குவதற்கானது.

பெரியவர்களின் கண்

நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து வருகிறது. படிக்காதவருக்குக் கிட்டத்துக் கண்ணாடி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அரிசியில் கல் பொறுக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், மாத்திரையை அடையாளம் காணவும் அது வேண்டும். அசாமில் தேயிலை பறிப்போரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு மற்றவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. மலைத்தோட்ட வேலைக்குச் செல்வோர் உள்ள கம்பம் பள்ளத்தாக்குக்கும் இந்தச் செய்தி பொருந்தும்.

கண்ணாடி தீர்க்காத குறைகள்

நல்ல மாணவர் அளவு எடுப்பதோடு நிற்பதில்லை. அறுபதைக் கடந்த ஒருவர், “இப்பல்லாம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்” என்று மகிழ்ந்தால், கண்புரை முற்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு இன்று எடுத்த அளவு அடுத்த மாதம் மாறிவிடும். சர்க்கரை நிலைப்பட்ட பின்பே கண்ணாடி எழுத வேண்டும். “கண்ணுக்குள்ள மின்னல் அடிக்குது, பூச்சி பறக்குது” என்று திடீரெனச் சொல்பவருக்கு விழித்திரை கிழிந்திருக்கலாம். அவரை அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி வளரும். அதனால் போன பார்வை திரும்பாது. இவற்றைக் கவனிக்காமல் கண்ணாடி மட்டும் கொடுத்து அனுப்பினால், நோயாளி சிகிச்சை பெற்றுவிட்டோம் என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார். நான்கு ஆண்டுப் படிப்பின் தேவை இங்குதான் விளங்கும்.

சட்டமும் பணிவாய்ப்பும்

நீண்ட காலம் இந்தியாவில் இத்தொழிலுக்கெனத் தேசிய அளவிலான சட்டம் இல்லாததால், குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களும் அதே பெயரில் பணியாற்றினர். 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட் பணியை ஒரு தொழிலாக ஏற்று, கல்வித் தரத்துக்கும் பதிவுக்கும் வழி செய்துள்ளது. சேர விரும்புவோர் கல்லூரியின் பல்கலைக்கழக இணைப்பையும், நாள்தோறும் நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனை அதற்கு உண்டா என்பதையும் விசாரித்துச் சேர்வது நல்லது. படித்தவர்களுக்குக் கண் மருத்துவமனைகள், கண்ணாடி நிறுவனங்கள், ஆய்வு, ஆசிரியப் பணி எனப் பல வழிகள் உள்ளன. சொந்த ஊரிலேயே பரிசோதனை நிலையம் அமைப்பதும் அவற்றுள் ஒன்று.